மேடைக்குப் பதில் சொன்ன பிளேன்டீ ராத்தா

“…வேன் டயருக்குக் காத்துப் போனது உங்கட பிழை இல்ல சேர், அது அல்லாஹ்ட நாட்டம். ஆனா இந்தப் பிள்ளை என்னட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கு. அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கல்ல. நீங்க கொஞ்சம் குந்துங்க.”

கொழும்பிலிருந்து கழுத்துப்பட்டி கட்டி வந்த ஒரு பிரசங்கியாரை, அவருக்காகவே கூட்டிய கூட்டத்தில், அவர் மைக்கைக் கையில் பிடித்து நிற்கும்போது, இப்படி உட்காரச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கல்லூரிக் கன்டீனை நடத்தி, பால் விடாத இஞ்சித் தேநீர் ஊற்றித் தந்த பிளேன்டீ ராத்தா. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவை ராத்தா என்பார்கள். இவரைப் பீடாதிபதி தொடக்கம் காவலாளி வரைக்கும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். அடையாள அட்டையில் வேறு பெயர் இருந்திருக்கும். அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மேடையிலிருந்து வந்த எந்தக் கேள்வியையும் ராத்தா தன் ஆயுளில் பதில் இல்லாமல் விட்டது கிடையாது. மேடையில் பேசுகிறவர்கள் பதிலை எதிர்பார்த்துக் கேள்வி கேட்பதில்லை என்பது கற்பிட்டி முனையிலிருந்து சிலாபம் வரைக்கும் கைக்குழந்தைக்கும் தெரியும். ராத்தாவுக்கு மட்டும் அதில் சம்மதமில்லை.

“ஊட்டு வாசல்ல வந்து ஒருத்தர் ‘ஆள் இருக்கா’ எண்டு கேட்டா, வாயை மூடிக்கொண்டு அவர்ட மூஞ்சியப் பார்த்துக்கொண்டு இருப்பீங்களா தம்பி? மேடையில நிண்டு கேட்டா மட்டும் ஏன் இருக்கிறீங்க?” என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். நான் அப்போது அங்கே நூலக உதவியாளன். நூலகத்துக்கும் கன்டீனுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்தச் சுவர் வழியாக நான் படித்தது, அலுமாரியில் இருந்த புத்தகங்களில் படித்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.

எங்கள் கல்லூரி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரி. கடல்நீர் உள்வாங்கி நிற்கும் களப்பின் ஓரத்தில், உப்புக் காற்றில் சுவரெல்லாம் பொரிந்துபோய் நிற்கும். கூட்டத்துக்குக் குறைவே இல்லை. மீலாத் விழா என்றாலும், சரஸ்வதி பூசை என்றாலும், வெசாக் தினம் என்றாலும், ராத்தா அடுப்பைத் தணித்துவிட்டு மூன்றாம் வரிசைக் கதிரையில் வந்து குந்துவார். மேடையில் இருப்பவர்கள் அவரைக் கண்டதும் தங்கள் தாளைப் புரட்டி எங்கெங்கே கேள்விக்குறி இருக்கிறது என்று தேடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

டெங்குக் கூட்டத்துக்கு வந்த சுகாதாரப் பரிசோதகர் பாவம், புதியவர். “உங்கள் அயலில் தண்ணீர் தேங்கும் இடங்கள் இருக்கின்றனவா?” என்று கேட்டுவிட்டு அடுத்த படத்துக்குப் போகப் பார்த்தார். ராத்தா எழும்பினார். கால் மணி நேரம் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போனார். முதலாவதாக வந்தது, மேடையில் தலைமை வகித்துக்கொண்டிருந்த பீடாதிபதியின் வீட்டுப் பூச்சாடி. மறுநாள் காலை அந்த வீட்டு முற்றத்தில் பூச்சாடிகள் எல்லாம் தலைகீழாகக் கிடந்தன.

தேர்தல் காலத்தில் சந்தியில் ஒரு கூட்டம். பேசியவர் கையை உயர்த்தி, “இந்த நாட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்கள் யார்?” என்று முழங்கிவிட்டுக் கைதட்டலுக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். அந்த இடைவெளி ராத்தாவுக்குப் போதும்.

“போன முறை நீங்க அந்தப் பக்கத்து மேடையில நிண்டீங்க வாப்பா. அப்பவும் இதையேதான் கேட்டீங்க. நான் சொன்ன பதிலை எழுதி வைக்கல்லயா?”

பரிசளிப்பு விழாவுக்கு வந்த பேராசிரியர் ஒருவர் கண்ணை மூடி, நெற்றியைத் தடவி, மெல்லிய குரலில், “கல்வி என்றால் என்ன?” என்றார். மூன்றாம் வரிசையிலிருந்து மரியாதை குறையாத பதில் வந்தது: “தெரியாமத்தானே சேர் உங்களக் கூப்பிட்டிருக்காங்க.”

இனி அந்தக் கிறிஸ்தவ மாணவர் கூட்டத்துக்கு வருகிறேன்.

எங்கள் கல்லூரியில் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியம் என்று ஒன்று இருந்தது. ஆட்கள் ஆறு பேர். வருடத்தில் ஒருநாள் எல்லா மாணவர்களையும் அழைத்துப் பாட்டு, பேச்சு, பிளேன்டீ என்று ஒரு மாலைக் கூட்டம் வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை. தலைப்பைத் துணியில் பெரிதாக எழுதி மேடையில் கட்டினார்கள்: ‘நீங்கள் களைத்திருக்கிறீர்களா?’ துணி, விளையாட்டுப் போட்டிக்குப் பாவித்த பழைய துணியின் மறுபக்கம். ஜன்னல் வெளிச்சம் பட்டபோது அந்தக் கேள்விக்கு அடியில் ‘நூறு மீற்றர் ஓட்டம்’ என்று இடம்வலம் மாறி நிழல் விழுந்தது.

ஆறு பேரில் ஒருத்தி ஜெசிந்தா. மாம்புரிப் பிள்ளை, மீன்பிடிக் குடும்பம். எழுதினால் முத்து முத்தாக எழுதும். நாலு பேருக்கு முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். ஒத்திகைப் பாடம் எடுக்கச் சொன்ன நாளில், கரும்பலகையில் திகதியை எழுதி, அழித்து, திரும்பவும் எழுதியதோடு பாடவேளை முடிந்தது. வருகிற திங்கட்கிழமை கரைத்தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாம் வகுப்புக்குக் கற்பித்தல் பயிற்சிக்குப் போகவேண்டும்.

அன்று மத்தியானம் நூலகத்துக்கு வந்து நின்றாள்.

“அண்ணா, நீங்களும் வரவேணும். எனக்கு வரவேற்புரை மட்டுந்தான், நாலு வரி. நீங்க முன்னுக்கு இருந்தா உங்களப் பார்த்துச் சொல்லிடுவன்.”

“நாலு வரிக்கு ஏன் பிள்ளை இந்த நடுக்கம்?”

“இண்டைக்கு வாய் வரல்லண்டா திங்கட்கிழமையும் வராது. நாளைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிடுவன். அம்மாட்டயும் சொல்லிட்டன்.”

சுவருக்கு அந்தப் பக்கம் கோப்பை கழுவும் சத்தம் நின்றிருந்தது. நான் உடப்புக்காரன், கோயிலும் தீமிதியும் பார்த்து வளர்ந்தவன், ஜெபக் கூட்டம் அவ்வளவு பழக்கமில்லை. ஆனாலும் போனேன்.

ஐந்து மணிக்கு ஐம்பது பேர் அளவில் வந்திருந்தார்கள். பிரசங்கியார் வரவில்லை. வேன் மதுரங்குளியில் டயர் போய் நிற்கிறது என்று செய்தி. ஐக்கியத் தலைவர் அவரைக் கூட்டிவர மோட்டார் சைக்கிளில் பறந்துவிட்டார். மற்றவர்கள் கிற்றாரோடு தெரிந்த பாட்டுகளையெல்லாம் பாடினார்கள். பிறகு அதையே இன்னொரு தடவை பாடினார்கள். மூன்றாம் தடவை கிற்றாருக்கே வெட்கமாகி ஒரு நரம்பு அறுந்தது. அப்போது தலைவரிடமிருந்து தொலைபேசி வந்தது. ஜெசிந்தாவின் முகம் உப்பளம் மாதிரி வெளுத்தது. “நாங்க வரும்வரைக்கும் நீ ஏதாவது கதைச்சுக்கொண்டு இரு” என்றாராம்.

ஏறினாள். மைக் முன்னால் நின்றாள். என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன், பிரயோசனமில்லை. நாலு வரி எழுதிய தாள் காற்றில் படபடத்தது. கடைசியில் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்னால் கட்டியிருந்த துணியைப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையைப் போல வாசித்தாள்.

“நீங்கள்… களைத்திருக்கிறீர்களா?”

ஜன்னல் சீலைகள் காற்றில் பொம்மிப் பொம்மி இறங்கின. அக்கரையில் காற்றாலைக் காற்றாடிகள் தூக்கக் கலக்கத்தில் சுற்றுகிற மாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் இறங்கி ஓடுவதற்கு ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டாள். அப்போதுதான் மூன்றாம் வரிசையிலிருந்து குரல் வந்தது.

“ஓம் மகள், களைச்சுத்தான் இருக்கேன். சுபஹுத் தொழுகைக்கு முதல் எழும்பி ரொட்டி தட்டின ஆளுக்குக் களைப்பு இருக்காதா? நீங்க கேட்கக்குள்ள நான் இல்லையெண்டு பொய் சொல்லவா?”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் திரும்பினாள். தாளில் இல்லாத ஒரு சொல் அவள் வாயிலிருந்து தன்பாட்டில் விழுந்தது.

“தனியத்தானா தட்டுறீங்க ராத்தா?”

“பின்ன? நீங்க எல்லாரும் தின்ன மட்டுந்தானே வாறீங்க.”

“இனி நான் வாறன் ராத்தா.”

“நீங்க வட்டமாத் தட்டமாட்டீங்க மகள். நீங்க கேட்கிறதக் கேளுங்க.”

இப்படியே போனது கதை. அவள் கேட்டாள், இவர் சொன்னார். முழங்கால் வலியைச் சொன்னார். கன்டீன் கூரை ஒழுக்கைச் சொன்னார். பீடாதிபதி இஞ்சி கூடப் போடச் சொல்லி, பிறகு உறைக்குது என்று முகம் சுளிப்பதைச் சொன்னார். ஜெசிந்தாவின் கையிலிருந்த தாள் எப்போது கீழே விழுந்தது என்று யாரும் காணவில்லை. வெளியே களப்பு மெல்ல மெல்லச் செம்பு நிறமாகி, அந்த வெளிச்சம் தண்ணீரைப் போல மண்டபத்துக்குள்ளே வந்து, எங்கள் முழங்கால் வரைக்கும் நிறைந்தது.

அப்போது ராத்தா குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

“ரொட்டிக் களைப்பு படுத்தாப் போயிரும் மகள். இன்னொரு களைப்பு இருக்கு. தொண்ணூறில எங்கட சனத்தையெல்லாம் ஊரை விட்டுப் போகச் சொன்ன நேரம், மன்னாரை விட்டுத் தோணியில வரக்குள்ள நான் சின்னப் பிள்ளை. உம்மாட மடியில குந்தி இருந்துதான் வந்தேன், ஒரு அடி நடக்கவும் இல்ல. ஆனா அந்தக் களைப்பு மட்டும் இன்னும் போகல்ல.”

ஜெசிந்தா மைக்கை விட்டு முன்னால் வந்து, மேடை விளிம்பில் நின்று கேட்டாள்.

“அதை எங்க இறக்கி வைக்கிறீங்க ராத்தா?”

ராத்தா வாயைத் திறந்தார். அந்த நேரம் பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கூட்டமானாலும், எந்தச் சமயத்துக் கூட்டமானாலும், பாங்கு சொல்லும்போது மைக்கை நிறுத்திவிடுவார்கள். வெளியூர்க் கூட்டங்களின் நேரத்தைப் பார்த்து நிகழ்ச்சி நிரல் எழுதிய ஐக்கியப் பிள்ளைகள், மஃரிபு என்று ஒன்று இருப்பதை மறந்துபோய்விட்டார்கள். ராத்தா தலைச் சீலையை இழுத்துவிட்டு எழும்பி, வாசல்வரை போய், திரும்பி நின்றார்.

“நான் தொழுதிட்டு ஓடி வாறேன் மகள். அதுவரைக்கும் ஒண்டும் கேட்டுடாதீங்க.”

கிறிஸ்தவ மாணவர் கூட்டம் ஒன்று, கன்டீன் ராத்தா மஃரிபு தொழுது வரும்வரை காத்திருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். தொழப் போன மற்றவர்களின் கதிரைகளும் அவர்களுக்காக அப்படியே கிடந்தன. கிட்டத்துப் பள்ளியின் பாங்கு முடிய, தூரத்துப் பள்ளியின் பாங்கு தண்ணீருக்கு மேலால் பிந்தி வந்து சேர்ந்தது. ஒரு கழுதை ஜன்னல் பக்கமாக வந்து, உள்ளே தலையை நீட்டி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனது. ஜெசிந்தா மேடைப் படியில் குந்தியிருந்தாள். அந்த முகத்தில் பயம் இல்லை. தோணி திரும்பும்வரை கரையில் இருந்து பார்க்கிறவர்களின் முகம் அது.

அந்த நேரம் பார்த்து வேன் வந்து சேர்ந்தது. பிரசங்கியார் நல்ல மனிதர். வியர்த்துக் கொட்டக் கொட்ட எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். தலைவர் மைக்கைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, “காணும் ஜெசி, நீ இறங்கு, தப்பிச்சாய்” என்றார்.

அவள் இறங்கினாள். கீழே கிடந்த தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தாள். நாலு வரியும் உள்ளேயே இருந்தது. அவள் தப்பிய மாதிரி எனக்குத் தெரியவில்லை. பெட்டி கட்டப் போகிறவளின் கைதான் அப்படி மடிக்கும்.

“அன்பானவர்களே, நீங்கள் எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்?” என்று பிரசங்கியார் ஆரம்பித்தார்.

வாசலில் ராத்தா. தொழுகைக்கு முகம் கை கழுவி ஒளுச் செய்த ஈரம் இன்னும் முகத்தில் காயவில்லை.

“நாங்க நல்லா இருக்கிறம் சேர். ஆனா ஒரு கதைக்கு நடுவுல இருக்கிறம்” என்றார். அதற்குப் பிறகு சொன்னதைத்தான் நான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

பிரசங்கியார் திகைத்துப்போனார். “நீங்க… எங்கட ஐக்கியத்தைச் சேர்ந்தவங்களா அம்மா?”

“நான் கன்டீன்.”

அவர் ராத்தாவைப் பார்த்தார், பிறகு பையைக் கட்டிப் பிடித்து நின்ற ஜெசிந்தாவைப் பார்த்தார். என்ன விளங்கியதோ, சிரித்துக்கொண்டே மைக்கை அவளிடம் நீட்டிவிட்டு, ராத்தா காட்டிய கதிரையில் வந்து குந்தினார். நான் சொன்னேனே, நல்ல மனிதர்.

ஜெசிந்தா படியேறினாள். பின்னால் கட்டியிருந்த துணியை அவள் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. முன்னால் இருந்த எல்லோரையும் ஒருதரம் பார்த்தாள். கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில், “அதை எங்க இறக்கி வைக்கிறீங்க, ராத்தா?” என்றாள்.

ராத்தா கதிரையில் முன்னால் தள்ளி, மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போல நிமிர்ந்து குந்தி, நெஞ்சுக்குக் குறுக்கே இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். பிறகு ஒரு கையை அவிழ்த்து, மெல்ல மேலே உயர்த்தி, ஜெசிந்தா டீச்சர் தன்னைச் சொல்லச் சொல்லும்வரை அப்படியே காத்துக்கொண்டிருந்தார்.