தோட்டமே குடித்த சர்வரோக நிவாரணி

சும்மா இருக்கத் தெரியாதவர்களால்தான் உலகத்தில் பாதி விபத்துகள் நடக்கின்றன. இதற்கு ஆதாரம் நானே. உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் கை எதையாவது நோண்டும். என் அம்மா இதற்கு வைத்த பெயர் பரபரப்பு வியாதி. அந்த வியாதிக்கே மருந்தென்று அச்சடித்த ஒரு புட்டியை ஈப்போ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பார்த்தபோது, வாங்காமல் எப்படி வீடு திரும்புவேன்?

கனமான பச்சைக் கண்ணாடிப் புட்டி. வெள்ளைக்காரத் துரைகளுக்காகக் கப்பலில் வந்து இறங்கிய ஏதோ ஊற்றுநீர் அதில் இருந்ததாம். ஒட்டியிருந்த தாளில் பாதி கிழிந்து போயிருந்தது. மீதியில் அந்த நீர் தீர்க்கும் நோய்களின் பெயர்கள்: பித்தம், வாதம், கல்லீரல் வீக்கம், மனம் ஒரு நிலையில் நில்லாமை, பெண்களின் சிடுசிடுப்பு. (கடைசியைப் படித்ததும் எனக்கு அந்த வியாதியும் வந்துவிட்டது.)

வீட்டுக்கு வந்து இணையத்தில் தோண்டினேன். அப்படி விற்ற நீர்கள் பலவற்றின் மகிமை முழுவதும் பேதி உப்புதான். குடித்தால் வயிற்றைக் கழுவி விட்டுவிடும். தூர தேசத்து ஊற்று, தங்கப் பதக்கம், டாக்டர்களின் நற்சாட்சி எல்லாம் அதன்மேல் தூவிய ஜிகினா. அந்தக் காலத்து ரப்பர் தோட்ட மருந்தகத்தில் நம் ஆட்களுக்கு விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். பங்களாவில் துரை காசு கொடுத்து இதைக் குடித்தார். இரண்டு பேரும் ஓடிய இடம் ஒன்றுதான். இதை ஊருக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

சொல்ல ஓர் இடமும் கிடைத்தது. அப்போது சேகரும் நானும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்திருந்தோம். முடிவெடுக்க வேண்டிய அவன் அம்மா இன்னும் எடுக்கவில்லை. நான் அத்தை என்று கூப்பிடும் அவர் பிறந்து வளர்ந்தது சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஆனாலும் தோட்டத்தைவிட்டுப் போனவர்கள் வருஷத்துக்கொரு முறை அந்தக் கோயில் மண்டபத்தில் கூடுவார்கள். பெண்ணை அங்கே கூட்டிவா, சொந்தக்காரர்களும் பார்க்கட்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். சேகர் எனக்கு மேடையில் பத்து நிமிஷம் வாங்கிக் கொடுத்தான். ஆக, எனக்குப் பெண் பார்க்கும் படலம் மைக்கோடு நடக்கவிருந்தது.

புட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றிக் காட்டினால் போதும் என்றான் சேகர். நானா கேட்பேன்? எல்லார் நாக்கிலும் ஒரு தேக்கரண்டி வைத்து அந்தக் கசப்பைக் காட்ட வேண்டும் என்று அடம்பிடித்தேன். மருந்துக் கடையில் பேதி உப்பு வாங்கி, குழாய் வைத்த பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்தேன். உப்பை நிறையவே போட்டேன். கசப்பு தெரிய வேண்டுமே!

ஈப்போவிலிருந்து எல்லாரும் ஒரே பஸ்ஸில் போய் இறங்கினோம். சேகர் மட்டும் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு பின்னால் வருவதாக ஏற்பாடு. டிரம்மை மண்டபத்து வாசல் மேசைமேல் வைத்தேன். புட்டியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டது அப்புறம்தான் தெரிந்தது. எடுக்க ஓடினேன். எடுத்தவள் நேராகத் திரும்பியிருக்கலாம். நான் செம்பனை மரங்களுக்கு நடுவே குறுக்கும் நெடுக்குமாக நடந்து, மரங்களுக்குச் சொற்பொழிவு ஆற்றி ஒத்திகை பார்த்தேன். மரங்கள் நன்றாகவே கேட்டன.

திரும்பி வந்தால் மண்டபத்தில் ஆளுக்கொரு கிளாஸ். கிளாஸில் ரோஸ் நிறத்தில் ஏதோ. என் டிரம்மும் ரோஸ் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் அத்தை, கையில் கரண்டியோடு.

அத்தை பல வருஷம் பள்ளிக்கூட கேண்டீன் நடத்தியவர். கூட்டத்துக்குத் தண்ணீர் கலக்குவது அவருக்குக் கைவந்த கலை. என்னைத் தூணோரமாக இழுத்துப் போனார்.

“நீ கலந்து வச்சத வாயில வச்சேன், ஒரே கசப்புலா. சீனி போட மறந்துட்ட போல. சாப்பாடு வேற வரல, வெயிலு. ஆளாளுக்கு உன்னப் பேச ஆரம்பிச்சிருவாங்கன்னு நானே சிராப்பு, எலுமிச்சை, ஐஸ் எல்லாம் போட்டு சரி பண்ணிட்டேன்.” குரலைத் தாழ்த்தினார். “என் மருமக கலந்ததுன்னுதான் சொல்லிக் குடுத்தேன். நீயும் மூச்சு விடாத.”

மருமகள்! இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை மாதம் தவம் கிடந்தேன். என் கண் கலங்கிவிட்டது.

“அத்தை, நீங்க குடிச்சீங்களா?”

“ரெண்டு கிளாஸ்.”

அவர் மட்டுமா? அந்த ரோஸ் சிராப்பின் இனிப்பையும் மீறிக் கசந்திருக்க வேண்டும். ஆனால் வரப்போகும் மருமகள் கலந்தது என்று சொல்லிக் கொடுத்ததை எவர் பாதியில் வைப்பார்? எல்லாரும் அடிவரை குடித்துவிட்டு, நல்லாருக்கு என்று வேறு சொல்லியிருக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால் கல்யாணம் இப்போதே போய்விடும். சொல்லாவிட்டால் அரை மணி நேரம் கழித்துப் போகும். அரை மணி நேர மருமகளாகவாவது இருந்துவிட்டுப் போவோம் என்று மேடை ஏறினேன். (அன்றைய என் அறிவு அவ்வளவுதான்.)

என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. கண் முழுக்க அத்தையின் முகத்தில்தான் இருந்தது. அவர் ஒருமுறை நெளிந்து உட்கார்ந்தார். புட்டியைத் தூக்கிக் காட்டி, அது தீர்ப்பதாகச் சொன்ன நோய்களை வாசித்து முடித்தேன். முன்வரிசையில், அந்தக் காலத்தில் வேலையாட்களை மேய்த்த மண்டோர் ஒருவர் கையைத் தூக்கினார்.

“ஏம்மா, அந்தத் தண்ணி இப்ப எங்க கிடைக்கும்?”

எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“இப்பதான் குடிச்சீங்க, தாத்தா.”

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது, கைகூடத் தட்டினார்கள். அப்போது மூன்றாவது வரிசையில் ஓர் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். சிரிப்பு அப்படியே அறுந்தது. டிரம்மில் இருந்தது பேதி உப்பு, யாரும் பஸ் ஏறிவிடாதீர்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று மைக்கில் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். பாதிப்பேர் அதற்குள் வெளியே போயிருந்தார்கள்.

கோயிலில் இருந்தது இரண்டே கழிவறை. உட்கார்ந்தவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்கள் நடந்தார்கள், நடந்தவர்கள் ஓடினார்கள். மனம் ஒரு நிலையில் நில்லாமை தீரும் என்று அச்சடித்தவனை அன்றைக்குக் கூட்டிவந்து காட்டியிருக்க வேண்டும். சாப்பாடு ஏற்றிக்கொண்டு வந்த சேகர், சட்டியை இறக்கிவைத்துவிட்டு தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்கு ஓடினான். இப்போது அங்கே குடியிருக்கும் வங்காளதேசத் தொழிலாளர்கள் விஷயம் கேட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். பிறந்த வீட்டை ஒருதடவை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று வருஷாவருஷம் ஏங்கிய சில அக்காமார் அன்று பார்த்தார்கள், கொஞ்சம் அவசரமாக.

நான் காலி நாற்காலிகளுக்கு நடுவே அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை வெளுத்த முகத்தோடு வந்தார். கையில் ஒரு கிளாஸ், ரோஸ் நிறத்தில்.

“நீ குடிச்சியா?”

“இல்ல அத்தை.”

“குடி.”

கடைசிச் சொட்டுவரை நின்று பார்த்தார். அப்புறம் பக்கத்து நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“கல்யாணத்த சீக்கிரம் வச்சிரணும். உன்ன வெளிய விட்டு வைக்கக்கூடாதுலா. வீட்டுல என் கண்ணு முன்னால இரு.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தேதி, மண்டபம் என்று அவர் பேசிக்கொண்டே போனார். பாதி கேட்பதற்குள் வயிறு கூப்பிட்டது. என் நிச்சயதார்த்தத்தின் மீதியை நான் வரிசையில் நின்றுதான் கேட்டேன்.

கல்யாணத்தன்று வாசலில் வைத்திருந்த சிராப்பைத் தோட்டத்து ஆட்கள் ஒருவர்கூடத் தொடவில்லை. மண்டோர் தாத்தா மணமேடைவரை ஒரு கிளாஸை ஏந்தி வந்தார். மாலையும் கழுத்துமாக நான் ஒரு மடக்கு குடித்துக் காட்டிய பிறகுதான் வாசலில் கிளாஸ் நகர்ந்தது.

அது இன்னும் ஓயவில்லை. நான் தேநீர் கலக்கிக் கொடுத்தால் அத்தை கோப்பையை என் பக்கமே திருப்பி நீட்டுவார். “குடி.” நான் ஒரு மடக்கு குடிப்பேன், பிறகு அவர் குடிப்பார். சேகரும் நீட்டுவான், வந்த விருந்தாளியும் நீட்டுவார். என் ஐந்து வயது மகளும் காலையில் பால் தம்ளரை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஏன் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா என்றால் முதல் மடக்கு குடிக்கிறவள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.