தீர்மானத்தை மீறாத மெழுகுவத்தி

எனக்கு நேர்ந்த அநியாயங்களை வரிசை தவறாமல் சொல்லிவிட்டுத்தான் மெழுகுவத்திக்கு வருவேன்.

முதலாவது, கள்ளுக்கடை மறியல். முதல் அடி என் முதுகில் விழுந்தது. பூமாலையோ, கடைசி அடி வாங்கியவர் கழுத்தில் விழுந்தது.

இரண்டாவது, சிறை. நான் உள்ளே இருந்த காலத்தில் என் துண்டுப் பிரசுரங்களையெல்லாம் என் வீட்டுக்காரி வீரம்மா அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டாள். வந்து கேட்டதற்கு, "காரசாரமா எழுதியிருக்கீக போல. குப்புனு பிடிக்குது" என்றாள்.

மூன்றாவது, விடுதலை. அனுமந்தன்பட்டி எல்லையில் என்னை வரவேற்க ஓர் எருமை மட்டும் நின்றது. அதுவும் என்னை முட்ட வந்தது.

நான்காவது, இந்த உலகச் சண்டை. பர்மாவிலிருந்து வந்த மண்ணெண்ணெய் நின்றுபோனது. பக்கத்து ஊர் டிப்போவுக்கு நடந்துபோய் நின்றால், நம் ஊர்க்காரன் முறை வரும்போது டின்னைக் கவிழ்த்துக் காட்டுவார்கள்.

ஐந்தாவது அநியாயத்தை எனக்கு நானே செய்துகொண்டேன். தீர்மானம் போட்டேன்!

"நமது கிராமத்துக்குத் தனி மண்ணெண்ணெய் டிப்போ கிடைக்கும்வரை, எந்த வீட்டிலும், எந்த இடத்திலும், எந்த எண்ணெயிலும் விளக்கேற்ற மாட்டோம்."

இருட்டைக் கண்டு சர்க்கார் நடுங்கும் என்பது என் கணக்கு. ஊரே கை தூக்கியது. ஊரில் அப்போது ஒரு சொட்டு மண்ணெண்ணெய்கூட இல்லை. கை தூக்குவதில் யாருக்கும் நட்டமில்லை.

சர்க்கார் நடுங்கவில்லை. ஆனால் இறங்கி வந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பினார்: வெள்ளிக்கிழமை மற்ற ஊர்களை முடித்துக்கொண்டு பொழுது சாய்ந்ததும் நம் ஊர் கூடும் மந்தைக்கு வருவார். டிப்போவை நடத்தப்போகிறவர் பெயரைச் சாட்சிகள் முன்னால் வாசிப்பார். வாசித்தால்தான் செல்லும். வாசிக்க முடியாமல் போனால் டிப்போ கிடையாது. பழையபடி பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டியதுதான்.

நானும் மனுப் போட்டிருந்தேன். 'தகுதி' என்ற இடத்தில் எந்தச் சட்டத்தை எப்போது மீறினேன், எந்தச் சிறையில் இருந்தேன் என்று விவரமாக எழுதியிருந்தேன். இடம் போதாமல் தனித்தாள் சேர்த்தேன். எனக்குப் போட்டி மளிகைக்கடை சுப்பையா. அவர் கைக்கு டிப்போ போனால் எண்ணெய் சாக்குக்கு அடியில் போய்விடும். இன்ஸ்பெக்டர் வாசிக்கும் பெயர் என் பெயராகவே இருக்க வேண்டும். இத்தனை வருஷம் அடி வாங்கியதற்கு ஊர் முன்னால் ஒரு தடவையாவது என்னைக் கூப்பிடட்டும்!

"அது சரி மச்சான், இருட்டுக்குள்ள எப்படி வாசிப்பாக?" என்று கேட்டான் என் மச்சினன் முத்தையா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நல்லெண்ணெய் ஊத்தி ஒரு குத்துவிளக்க ஏத்திருவமே" என்றான் அவனே.

"எந்த எண்ணெயிலும்னு தீர்மானம் இருக்கே!" என்றேன்.

"எழுதுறப்பவே கொஞ்சம் பாத்து எழுதிருக்கக் கூடாதா? சரி விடுங்க. மெழுகு எண்ணெயில்லல்ல? ராயப்பன்பட்டி மாதா கோயில்ல கேட்டா மெழுகுவத்தி தருவாக."

"கையேந்துறதா? சுயராஜ்யம் கேக்குறவன் மெழுகுவத்தி கேப்பானா? நானே செய்யுறேன்!"

ஆக, வெள்ளிக்கிழமை காலை எனக்கு வேலை, மெழுகுவத்தி செய்வது.

கைத்தொழில் பிரசுரம் ஒன்றில், 'தேன்மெழுகை உருக்கித் திரியிட்ட அச்சில் ஊற்றுக' என்று ஒரே ஒரு வரி இருந்தது. எனக்கு அது போதும். ஒற்றை வரியை நம்பி ஜெயிலுக்கே போனவன் நான்.

மலைத்தேன் விற்பவரிடம் பிழிந்த அடையை வாங்கி வந்தேன். அச்சுக்குப் பப்பாளி இலைக் காம்பு. நடுவில் நல்ல துவாரம். திரிக்கு, நானே ராட்டையில் நூற்ற நூல். அந்த நூலை நெசவுக்கு யாரும் வாங்கியதில்லை. அதுவும் ஓர் அநியாயம்தான், வரிசையில் விட்டுப்போய்விட்டது.

வீரம்மா சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் தேன் ஒட்டிக்கிட்டு இருக்கே! தண்ணியில போட்டுக் காய்ச்சி வடிங்க."

"பிரசுரத்துல அப்படி இல்ல."

"அப்ப சரி" என்று போய்விட்டாள். அந்த 'சரி'யைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும்.

வாசலில் அடுப்பு மூட்டி அடையை உருக்கினேன். தெருவே மணத்தது. ஒரு தேனீ வந்தது. துண்டால் விசிறினேன். போய்விட்டது.

ஆள் சேர்க்கப் போயிருக்கிறது!

திரும்பி வந்தது பெரிய ஊர்வலம். முதல் கொட்டு நெற்றியில். அடுத்தது உதட்டில். வீரம்மா கதவிடுக்கிலிருந்து கத்தினாள்: "ஓடாதீக! ஓடுனா வெரட்டும்!"

தடியடியில்கூட ஓடாதவன் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டவன் நான். ஓடினேன். திறந்திருந்த முதல் கதவுக்குள் நுழைந்தேன். அது சுப்பையாவின் கடை.

"யோவ் தியாகி! உம்ம தொண்டருகளக் கூட்டிக்கிட்டு வெளிய போமய்யா!"

"கதவச் சாத்துமய்யா முதல்ல!"

சாத்தினார். அவருக்கும் காதில் ஒரு கொட்டு விழுந்தது. நானும் என் எதிரியும் ஒரே கோணிச்சாக்குக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்தோம். சாக்குக்குள் ஒரு வாசம்.

"என்ன சுப்பையா, மண்ணெண்ணெய் வாடை அடிக்குது?"

"எறும்புக்குத் தெளிச்சது."

"விளக்குக்கு இல்ல, எறும்புக்கு இருக்கா?"

"இப்பப் பேச்செதுக்கு? தேனீ போயிருச்சான்னு எட்டிப் பாரும்."

மத்தியானத்துக்குள் என் முகம் பூசணிக்காயாகிவிட்டது. உதடு மூக்கைத் தொட்டது. ஆனாலும் விடவில்லை. மிச்ச மெழுகைக் காம்புகளில் ஊற்றி ஆறவைத்தேன். காம்பை உரித்தால் மெழுகும் சேர்ந்து வந்தது. உரிக்காமலே எடுத்துக்கொண்டேன். ஒரு மெழுகுவத்திகூட நேராக இல்லை.

"முருங்கைக்காயா மச்சான்?" என்றான் முத்தையா.

பொழுது சாய்ந்தது. மந்தையில் ஊரே கூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்து ஓரடி பின்வாங்கினார்.

"யார் இவர்?"

"மனுப் போட்டவருங்கய்யா" என்றான் முத்தையா. "காலையில வரைக்கும் வேற முகம் இருந்துச்சு."

மெழுகுவத்திகளை வரிசையாக நட்டு ஏற்றினேன். எரிந்தன! ஊர் கை தட்டியது. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டு. இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பிரித்தார்.

"அனுமந்தன்பட்டிக் கிராமத்து மண்ணெண்ணெய் டிப்போவை நடத்த..."

பட்!

மெழுகுக்குள் இருந்த தேனும் ஈரமும் வெடித்தன. இரண்டு மெழுகுவத்திகள் அணைந்தன. ஒரு சூடான துளி இன்ஸ்பெக்டரின் புறங்கையில் தெறித்தது.

"என்னய்யா இது, வெடியா?"

"ஜெயிலுக்குப் போய்வந்த கையில்லையா, அப்படித்தான் வெடிக்கும்" என்றார் சுப்பையா, காதைத் தடவிக்கொண்டே.

மறுபடி ஏற்றினேன். "அனுமந்தன்பட்டிக் கிராமத்து..." பட்! பட்! பப்பாளிக் காம்பு கருகி, குப்பை கொளுத்திய நாற்றம் எழுந்தது. முன்வரிசை எழுந்து பின்வரிசைக்குப் போனது. கடைசியில் ஒற்றை மெழுகுவத்திதான் மிச்சம்.

"எனக்கு நேரமில்லை. வாசிக்க முடியவில்லை என்று எழுதிவிட்டுக் கிளம்புகிறேன்" என்று சைக்கிளைப் பிடித்தார் இன்ஸ்பெக்டர்.

டிப்போ போகப்போகிறது! கர்வத்தை விழுங்கினேன். 'தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறேன், எவனாவது ஒரு விளக்கு கொண்டுவாங்கடா' என்று அறிவிக்க முன்னால் வந்து வாயைத் திறந்தேன். வீங்கிய உதட்டில் வார்த்தை வரவில்லை. "ஃபூ... ஃபூ" என்று காற்றுத்தான் வந்தது.

அந்தக் கடைசி மெழுகுவத்தியும் அணைந்தது.

மந்தை சிரித்த சிரிப்பு உத்தமபாளையம் வரை கேட்டிருக்கும்.

அந்த இருட்டுக்குள் ஒரு தீ நடந்து வந்தது. வீரம்மா! மாட்டுக்கு வைத்திருந்த காய்ந்த சோளத்தட்டையைக் கற்றையாகக் கட்டி, அடுப்பில் பற்றவைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இதுல எண்ணெயில்ல. தீர்மானத்துல தட்டைக்குத் தடை இருக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறக்கப் பயமாயிருந்தது.

"வெரசா வாசிங்கய்யா, கை சுடுது."

இன்ஸ்பெக்டர் மூச்சுவிடாமல் வாசித்தார். "முதல் மனுதாரர் பலமுறை சிறை சென்றவர். தள்ளுபடி."

தனித்தாள் வேறு சேர்த்தேனே!

"இரண்டாவது மனுதாரர் ஏற்கெனவே கடை வைத்திருப்பவர். தள்ளுபடி."

சுப்பையா காதைத் தடவுவதை நிறுத்தினார்.

"கிராமத்தார் கைநாட்டு வைத்துக் கொடுத்த மூன்றாவது மனு ஏற்கப்படுகிறது."

மூன்றாவதா? எனக்குத் தெரியாமல் இந்த ஊரில் ஒரு மனுவா? முத்தையாவைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வானத்தில் நட்சத்திரம் தேடிக்கொண்டிருந்தான். மற்ற எல்லோரும் தீயைப் பார்த்துச் சிரித்தார்கள். தீயைப் பார்த்துச் சிரிக்க என்ன இருக்கிறது?

தட்டை அடிவரை எரிந்து இறங்கிவிட்டது. இன்ஸ்பெக்டர் குரலை உயர்த்தினார்.

"சாட்சிகள் கேட்டுக்கொள்ளுங்கள். டிப்போ பொறுப்பு, அனுமந்தன்பட்டி வீரம்மா!"