நாக்கு பாயும் என் டாங்கித் துருவும்

பெட்ரோலை ருசி பார்த்தே வண்டிக்கு என்ன வியாதி என்று சொன்ன மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவரும் ராயப்பேட்டையில் இருந்தார். பெயர் எனக்குத் தெரியாது; ஊருக்கே அவர் நாக்கு பாய். குழாயைத் திறப்பார், விரலில் ஒரு சொட்டு வாங்கி நாக்கில் வைப்பார், கண்ணை மூடுவார். தண்ணீர் கலந்திருக்கிறதா, துரு கரைந்திருக்கிறதா என்று அட்சரம் பிசகாமல் சொல்லிவிடுவார். எங்கள் மயிலாப்பூர் சபாவில் தலையாட்டும் ரசிகர்களுக்கு அதில் கால்வாசி ஞானம் இருந்தால் வித்வான்கள் பிழைத்துப் போவார்கள்.

அப்போது எனக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. நாலு இடத்துக்குப் போய் வர வண்டி உள்ளவன் வேண்டும் என்றுதான் என்னை எடுத்திருந்தார்கள். வண்டியோ, சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரை கழித்துவிட்டுப் போன மோட்டார் சைக்கிள். டாங்கிக்குள் துரு உதிர்ந்து குழாயை அடைக்கும். தினமும் வழியில் எங்காவது மூச்சை விட்டுவிடும். ஒரு சனிக்கிழமை மேனேஜர் துரை என்னைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நான் நாற்காலியில் இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருவன் இருப்பான் என்றார். கோபப்படாமல் சொன்னார்.

ஓடினேன் பாயிடம். அவர் வழக்கப்படி புளி ஒரு வீசை கொண்டுவரச் சொன்னார். புளித்தண்ணீரைக் காய்ச்சி, கூழாங்கல்லோடு டாங்கியில் விட்டுக் குலுக்கினால் துரு கழன்றுவிடுமாம். குலுக்கும் வேலை அவருடையதல்ல. வண்டி யாருடையதோ, குலுக்கலும் அவருடையது. எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் டாங்கியை மடியில் கொடுத்து உட்கார வைத்துவிடுவார்.

ஞாயிறு காலையில் அம்மாவிடம் புளி கேட்டேன். வண்டிக்கு ரசம் வைக்கும் பிள்ளையைப் பெற்றேனே என்று நொந்துகொண்டு பானையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். போய்க் காய்ச்சி ஊற்றிக் குலுக்கினேன், குலுக்கினேன், தோள்பட்டை கழன்றது. துரு கழன்றதா என்று பார்க்க வேண்டுமே! பாய் விரலை நீட்டியவர் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ரம்ஜான் மாசம், நோன்பு.

"நீங்க வச்சிப் பாருங்க சாமி. எப்பிடி கீது, சொல்லுங்க."

நானா? வெங்காயம்கூட நுழையாத ஆத்துப் பிள்ளை. வேலையை நினைத்துக்கொண்டு கண்ணை மூடி ஒரு சொட்டு நக்கினேன்.

"புளிப்பா இருக்கு பாய். உப்புகூட அளவா இருக்கு."

பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது.

"உப்பா? கடக்கரை உப்புக் காத்துலதான் துருவே புடிக்குது. நீங்க உப்பையே கரைச்சி உள்ள ஊத்திக்கினு கீறீங்களே!"

வருஷத்துப் புளியை உப்புப் போட்டு உருட்டி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அது எனக்குச் சாப்பாட்டு விஷயமாகத்தான் தெரிந்ததே தவிர, வண்டி விஷயமாகத் தோன்றவில்லை. அப்புறமென்ன! ஏழு தண்ணீர் விட்டு அலசி, உப்புப் படாத புதுப் புளியைக் கடையில் தேடி வாங்கி, முதலிலிருந்து மறுபடி குலுக்கல். பிறகு நல்ல தண்ணீர், கிருஷ்ணாயில், வெயில், கடைசியில் பெட்ரோல். பொழுது சாய்ந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போகிறேன் என்று கெஞ்சினேன். ருசி பார்க்காமல் தன் பட்டறையிலிருந்து ஒரு வண்டியும் போனதில்லை என்று சாவியை மடியில் முடிந்துகொண்டார் மனிதர்.

மசூதியில் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு மடக்குத் தண்ணீர். வீட்டிலிருந்து கஞ்சி ஆவி பறக்க வந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு என் குழாயைத் திறந்தார். கண்ணை மூடினார். நான் எந்தப் பரீட்சைக்கும் அப்படி நடுங்கியதில்லை.

"சுத்தம். இனிமே டாங்கிய ரொப்பியே வைங்க சாமி. காலி வவுத்துலதான் துரு பூக்கும்."

விடிந்ததிலிருந்து காலி வயிற்றோடு இருந்தவர் இதைச் சொன்னார்.

திங்கட்கிழமை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு போனது. சைதாப்பேட்டைப் பாலத்தில் ஏறினால், கைப்பிடிச் சுவர் ஓரமாக நாக்கு பாய் நிற்கிறார்! இடுப்பில் ஸ்பானர், தோளில் துண்டு, முகமெல்லாம் வேர்வை. நோன்போடு ராயப்பேட்டையிலிருந்து அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தியிருந்தால் அவரே அடிக்க வந்திருப்பார். நான் தாண்டியதைப் பார்த்ததும் திரும்பி நடந்துவிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே நாற்காலியில் உட்கார்ந்தேன். அதே கம்பெனியில்தான் தலை நரைத்தது.

சாயங்காலம் போய்க் கேட்டேன். சைதாப்பேட்டையில் மச்சானைப் பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு வேறு வண்டிக்குள் தலையை நுழைத்துக்கொண்டார். பாய்க்குச் சைதாப்பேட்டையில் மச்சானும் கிடையாது, மாமனும் கிடையாது. அது ராயப்பேட்டைக்கே தெரியும்.