ஒரு சாண் ஆழமும் பூப்போட்ட காகிதமும்

நாகரிகம் நெருப்பில் தொடங்கியது என்பார்கள் சிலர். சக்கரத்தில் தொடங்கியது என்பார்கள் வேறு சிலர். இரண்டும் தவறு. மனிதன் தான் போட்டதைத் தானே மண்ணைத் தள்ளி மூடினானே, அன்றைக்குத்தான் அது தொடங்கியது. பூனை இதை அவனுக்கு முன்பே செய்துவந்தது. ஆனால் பூனைக்கு அலுவலகம் கிடையாது, அதனால் எங்கும் பதிவாகவில்லை.

மனிதனுக்கு அலுவலகம் உண்டு. மலையேற்ற ஒழுக்க வாரியம், மூன்றாவது மாடி, நடைக்கூடத்தின் கடைசி அறை, திறக்க வராத ஜன்னல். மலைக்கு நடந்துபோய்க் கூடாரம் போட்டுத் தங்குகிறவர்கள், வயிறு கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கையேடு தயாரிப்பது எங்கள் பணி. இரண்டரை வருடம் உழைத்து அறுபத்து நான்கு பக்கம் எழுதினோம். அந்தச் சமாசாரத்துக்குப் பெயர் வைக்கவே நான்கு மாதம் ஆயிற்று. ஊரில் வழங்கும் சொற்கள் எல்லாமே நாறுகின்றன என்று துணை இயக்குநர் ஆட்சேபித்தார். கடைசியில் 'தவிர்க்கவியலாத் தனிநபர் வெளியீடு' என்று முடிவாயிற்று.

ஆழம் பற்றிய கூட்டம் மறக்க முடியாதது.

"குழி ஒரு சாண் ஆழம்னு போட்டிருக்கு. யாரோட சாண்?" என்று கேட்டார் கண்காணிப்பாளர் அம்மா. காற்புள்ளியைக்கூடச் சந்தேகத்தோடு பார்ப்பவர்.

"பொதுவா ஒரு சாண், மேடம்" என்றேன்.

"பொதுவான்னு ஒரு கை இருக்கா? காட்டுங்க பார்ப்போம்."

என்னால் காட்ட முடியவில்லை. ஆகவே இயக்குநரின் சாணே 'அதிகாரபூர்வச் சாண்' என்று தீர்மானம் நிறைவேறியது. அவர் கையை வெள்ளைத்தாளில் வைத்துக் கோடு போட்டு முத்திரை குத்தினோம். பேனாவைத் தவிர வேறெதையும் தூக்கிப் பழகாத சின்னக் கை. நாட்டிலுள்ள குழிகள் எல்லாம் ஒரே பிற்பகலில் இரண்டு விரற்கடை மேலே வந்துவிட்டன.

ஒத்திகையும் நடந்தது. குடிநீர்க் கேனை ஓடையாகப் பாவித்து, அதிலிருந்து எழுபது காலடி எண்ணிக்கொண்டே போன துணை இயக்குநர் லிஃப்ட்டுக்குள் போய் நின்றார். கதவு மூடிக்கொண்டது. அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், "இடம் நல்ல தனிமையா இருக்கு சார். தோண்டத்தான் முடியல" என்று அறிக்கை கொடுத்தார். அது பின்னிணைப்பாகச் சேர்க்கப்பட்டது.

நான் அங்கே தட்டச்சர். ஏழு வருடமாகத் தற்காலிகம். "நம்ம கல்யாணமே நிரந்தரம் ஆயிடுச்சு, உங்க வேலை ஆகலையே" என்பாள் என் மனைவி. இந்த முறை ஆகிவிடும் என்று இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு ஒன்றே ஒன்று பாக்கி. கையேட்டை மலையில் நேரடியாகச் சோதித்து, அங்குள்ள வனக்காவலரிடம் சான்றிதழில் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து வந்தால் வெளியீட்டு விழா. விழா நடந்தால் என் கோப்பு நகரும்.

மூன்று அதிகாரிகளும் நானுமாக நால்வர் மலையேறினோம். வனக்காவலர் ஒரு பெண். முழங்கால் வரை சேறு, தோளில் கயிறு. கையேட்டை வாங்கி, அட்டையில் 'எழுதியவர்' என்று போட்டிருந்த இயக்குநரின் பெயரைப் படித்து, கையால் எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இவ்வளவு எதுக்குங்க? தண்ணியிலேர்ந்து எழுபது காலடி தள்ளிப் போங்க. ஒரு சாண் தோண்டுங்க. முடிச்சதும் மண்ணைப் போட்டு மூடுங்க. பேப்பரைக் கையோட பையில கட்டி எடுத்துட்டு வாங்க. அவ்வளவுதான்."

அறுபத்து நான்கு பக்கத்தை ஒரே மூச்சில் சொல்லி முடித்த அந்த அவசரம் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னொண்ணு" என்றார் அவர். "இந்த ஓடைதான் கீழே முப்பது வீட்டுக்குக் குடிதண்ணி. மொத வீடு என்னோடது. தண்ணியில ஏதாவது விழுந்துச்சு, கையெழுத்து கிடையாது."

"நாங்க புத்தகமே போட்டிருக்கோம்மா" என்று சிரித்தார் இயக்குநர்.

வனக்காவலர் தன் சின்ன மண்வெட்டியை எங்களிடம் விட்டுவிட்டு இறங்கிப் போனார். கூடாரம் எழுந்ததும் விதிப்படி காகிதம் வழங்கும் வைபவம் நடந்தது. இயக்குநருக்கு மூன்றடுக்கு, நீலப்பூ அச்சிட்டது, மணமுள்ளது. துணை இயக்குநருக்கு இரண்டடுக்கு வெள்ளை. கண்காணிப்பாளர் அம்மாவுக்கு ஓரடுக்கு. எனக்கு, அச்சுப்பிழையால் கழிக்கப்பட்ட கையேட்டின் பக்கங்கள். என் பங்குக்கு நான்காம் அத்தியாயம் வந்தது. எல்லாவற்றையும் வழங்கல் பதிவேட்டில் ஏற்றிக் கையெழுத்து வாங்கினேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு என் வயிறு கூப்பிட்டது. ஆத்திரத்தை அடக்கலாம், அதை அடக்க முடியாது என்பது பாமரர் வாக்கு. அலுவலகத்திலோ அதற்கு அனுமதி கேட்கப் படிவம் ஏழு இருக்கிறது. பூர்த்தி செய்து கண்காணிப்பாளர் அம்மாவிடம் நீட்டினேன்.

"காரணம்னு ஒரு கட்டம் இருக்கே. காலியா விட்டிருக்கீங்க."

"மேடம்... வயிறு."

"வயிறுங்கிறது உறுப்பு. காரணத்தை எழுதுங்க."

எழுதினேன். அவர் பரிந்துரைத்தார். துணை இயக்குநர், "எவ்வளவு நேரம் ஆகும்னு உத்தேசமா போடுங்க" என்றார். போட்டேன். இறுதி ஒப்புதல் இயக்குநருடையது. அவரோ மேகங்களை ஆய்வு செய்யப் போயிருந்தார். திரும்பி வந்தவர், "ஒருத்தருக்கு உடனே குடுத்தா முன்னுதாரணம் ஆயிடும். காலையில பார்ப்போம்" என்றார். என் வயிறும் ஏழு வருட அனுபவமுள்ள தற்காலிக வயிறுதான். காத்திருக்கப் பழகியது. பேசாமல் அடங்கிவிட்டது.

விடிந்ததும் ஓடையில் தண்ணீர் மொண்டு காபி போட்டேன். இயக்குநர் எங்களுக்கு முன்பே எழுந்து, முகமெல்லாம் தெளிந்து, காலாற நடந்துவிட்டு வந்திருந்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார்.

"மலைத்தண்ணிக்குன்னு ஒரு தனி ருசி இருக்கு பாருங்க. நகரத்துல எங்க கிடைக்கும் இது?"

எல்லோரும் ஆமாம் என்றோம். துணை இயக்குநர் இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தார்.

எட்டரை மணிக்கு வனக்காவலர் மேலே ஏறி வந்தார். கையில் ஒரு குச்சி. குச்சியின் நுனியில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது ஒரு காகிதம். நீலப்பூ.

"என் வீட்டுக் குழாய் வாயில மாட்டியிருந்துச்சு. முப்பது வீட்டுக்கும் சொல்லி அனுப்பிட்டேன், தண்ணியைக் குடிக்காதீங்கன்னு. என் பொண்ணு மட்டும் அதுக்குள்ள ஒரு டம்ளர் குடிச்சிட்டா." குச்சியை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். "யாரோடது?"

துணை இயக்குநர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். பிறகு புதருக்குப் பின்னால் ஓடினார், படிவம் இல்லாமல்.

"உணர்ச்சிவசப்படக் கூடாது" என்றார் இயக்குநர். "இது தனிநபர் பிரச்சினை இல்ல. அமைப்பு சார்ந்த பிரச்சினை. விசாரணைக் குழு போடுவோம். நானே தலைமை ஏத்துக்கிறேன்."

குழு அங்கேயே பாறையின் மேல் கூடியது. மிருகமாக இருக்கலாம் என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

"எந்த மிருகம்மா பூப்போட்ட பேப்பர் வச்சிருக்கு?" என்றார் வனக்காவலர். அவர் பார்வை என் மடியிலிருந்த பதிவேட்டின் மேல் விழுந்தது. "அதுல எழுதியிருக்கும்ல, யாருக்கு எந்தப் பேப்பர்னு?"

அந்தப் பதிவேட்டில் இயக்குநரின் கையெழுத்து இருந்தது. இயக்குநர் என்னைப் பார்த்தார். அவ்வளவு பரிவாக அவர் என்னை ஏழு வருடத்தில் பார்த்ததே இல்லை.

"தம்பி, உங்க நிரந்தரக் கோப்பு என் மேஜையிலதான் இருக்கு, இல்ல?"

ஒரு குழந்தை குடித்த டம்ளரை நினைத்தேன். பிறகு என் மனைவியை நினைத்தேன். பிறகு, வெட்கத்தோடு சொல்கிறேன், பதிவேட்டை மூடினேன்.

"என்னோடதுதாங்க" என்றேன்.

வனக்காவலர் என் பையை எட்டிப் பார்த்தார். நான்காம் அத்தியாயம் கசங்காமல் கிடந்தது. படிவம் ஏழையும் எடுத்துப் படித்தார்.

"உங்களுக்கு இன்னும் அனுமதியே வரலைன்னு இருக்கு. அப்புறம் எப்படி உங்களோடது?"

"அனுமதி இல்லாமலே போயிருக்கார்" என்றார் இயக்குநர் கம்பீரமாக. "இது அதைவிடப் பெரிய குற்றம். விளக்கம் கேட்டு இவருக்குக் கடிதம் குடுக்கப்படும். ஆனா, மன்னிக்கிறேன்."

வனக்காவலர் மண்வெட்டியை எடுத்து இயக்குநரிடம்தான் நீட்டினார். "போய்ப் புதைச்சிட்டு வாங்க. அப்புறம் கையெழுத்து."

இயக்குநர் அதை வாங்கி, திரும்பிவந்திருந்த துணை இயக்குநரிடம் கொடுத்தார். அவர் கண்காணிப்பாளர் அம்மாவிடம். அம்மா என்னிடம். எனக்குப் பின்னால் பாறைதான் இருந்தது.

ஓடைக்கரையோடு மேலே போனேன். நீரிலிருந்து மூன்று காலடியில், நல்ல நிழல், நல்ல காட்சி. தேடவே வேண்டியிருக்கவில்லை. எழுபது காலடி தள்ளிக் கொண்டுபோய், அதிகாரபூர்வச் சாணை நம்பாமல் என் கையாலேயே ஒரு சாண் தோண்டி, மூடினேன். அள்ளுவதற்கு நான்காம் அத்தியாயம் பயன்பட்டது. அந்தக் கையேடு ஒருவருக்குப் பயன்பட்டதை நேரில் கண்டவன் நான் ஒருவன்தான்.

திரும்பி வந்தபோது வனக்காவலர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு வரியும் எழுதியிருந்தார். 'வந்த நால்வரில் மூவருக்கு இந்தக் கையேடு தேவையில்லை. நான்காமவர் இதை எழுதியவர்.'

எழுதியவரைத் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியிருக்கிறார்கள் என்று இயக்குநர் நெகிழ்ந்துபோனார். அந்த வரி சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டப்பட்டது. வெளியீட்டு விழாவில் அவருக்கு மாலை, எனக்கு ஆணை. வீட்டுக்கு வந்ததும் மனைவி முகம் சுளித்தாள். "கையில என்னங்க நாத்தம்?"

"நிரந்தரம் ஆயிடுச்சு" என்றேன்.

உண்மையிலேயே ஆகிவிட்டது. வனக்காவலரின் மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அலுவலகம் எனக்கென்றே ஒன்று வாங்கித் தந்திருக்கிறது. மேஜை இழுப்பறையில் இருக்கிறது. காணாமல் போன கோப்பு, கிடப்பில் கிடந்த புகார், கீழே யாரோ குடித்துவிட்ட ஏதோ ஒன்று, எது நாறினாலும் முதல் அழைப்பு எனக்குத்தான். ஓசைப்படாமல் போகிறேன், ஒரு சாண் தோண்டுகிறேன், மூடுகிறேன். என் வேலையில் குறை சொல்ல ஆளில்லை.

இதுவரை நான் புதைத்தவற்றில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. என்னுடைய படிவம் ஏழு, அன்று சாயங்காலம் ஐந்து மணி என்று நேரம் போட்டது, இன்னும் இயக்குநரின் மேஜையில்தான் இருக்கிறது.