முன்னச்சா, பின்னச்சா?

பாலாற்று மணலில் ஜீப்பின் ஒரு சக்கரம் மட்டும் பேய் பிடித்தாற்போல் சுற்றியது. பக்கத்துச் சக்கரம் எனக்கென்ன என்று சும்மா நின்றது. அர்ஜுனன் இறங்கி, முழங்காலைப் பிடித்துக் குனிந்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். போன வாரமும் இதே இடத்தில் இப்படித்தான் பார்த்தார்.

"மாட்ட ஓட்டியாரட்டுமா?" என்று கரையிலிருந்து அவர் மனைவி பூவம்மாள் கேட்டாள்.

"வேணாம்."

"வேணும்னா சீக்கிரம் சொல்லுங்க. எனக்கு ஒலை கொதிக்குது."

கடைசியில் செவலையும் கறுப்பனும் வந்தன. நுகத்தடியில் கயிற்றைக் கட்டிப் பூவம்மாள் ஓர் அதட்டல் போட்டாள். மிலிட்டரி ஏலத்தில் எடுத்த அந்த ஜீப், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஆடு மாதிரி மாடுகளின் பின்னால் சாதுவாக வந்தது. கரையில் வழக்கமான கூட்டம். அதில் பெரிய மீசை வைத்த வெளியூர்க்காரர் ஒருவர் கைதட்டினார். அர்ஜுனனுக்கு அந்த மணலிலேயே தானும் புதைந்துவிடலாம் போலிருந்தது.

அடுத்த நாள் தரகு பார்க்கும் அன்னம்மாள் வந்தாள்.

"நம்ம பொண்ணு கிருஷ்ணவேணிக்கு ஒரு எடம் வந்திருக்குது. வாலாஜாபாத் பக்கம். பையன் சொசைட்டியில வேலை, சொந்த நெலம் இருக்குது. அப்பா முனிசாமிகிட்ட உன் பேரச் சொன்னேன். 'மணல்ல ஜீப்ப வுட்டுட்டு நிப்பாரே, அவரா?'ன்னாரு. ஆமான்னேன். 'அப்டின்னா வர வெள்ளிக்கிழமையே பொண்ணு பாக்க வரோம்'னுட்டாரு."

அந்த 'அப்டின்னா' அர்ஜுனன் காதில் ஏறவே இல்லை.

"பாத்தியா? வாலாஜாபாத் வரைக்கும் நம்ம மானம் போயிருக்குது," என்றார் பூவம்மாளிடம். "வெள்ளிக்கிழம அவங்கள ஜீப்புலதான் ஆத்தத் தாண்டி இட்டாரப் போறேன். ஒரு மாடு கண்ணுல படக் கூடாது."

"நடந்து வந்தா கால் தேஞ்சிடுமா அவங்களுக்கு?"

"நீ சும்மா இரு."

அன்னம்மாள் காட்டுவதற்குக் கொண்டுவந்த பையனின் போட்டோவைக் கிருஷ்ணவேணி திருப்பித் தரவில்லை என்பதை வீட்டில் எல்லோருமே கவனித்தார்கள். இந்த இடம் தட்டிப்போனால் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயமும் அர்ஜுனனைப் பிடித்துக்கொண்டது. காலையிலேயே, கூட்டம் சேர்வதற்குள் மாடுகளை விட்டு ஜீப்பை அக்கரை ஏற்றி, காஞ்சிபுரத்துக்குப் போய் மெக்கானிக் சிட்டிபாபுவின் முன்னால் நின்றார்.

சிட்டிபாபு ஒரு சாக்கை அவிழ்த்தார். உள்ளே எண்ணெய் வழியும் பல்சக்கர உருண்டை ஒன்று.

"லாக் வெச்ச கிரவுன் அண்ணா. மெட்ராஸ்ல பழைய மிலிட்டரி வண்டி ஒன்ன பிரிச்சப்போ கெடச்சுது. இத்த மாட்டினா ரெண்டு சக்கரமும் ஒன்னாத்தான் சுத்தும். ஒன்னு ஓட, ஒன்னு ஒக்காந்துக்கினு வேடிக்கை பாக்க முடியாது."

"அப்போ ரெண்டு அச்சுக்கும் போட்டுடு."

"இருக்கறது ஒன்னுதான். முன்னச்சா, பின்னச்சா, சொல்லு. நான்னா பின்னாலதான் போடுவேன்."

அர்ஜுனன் தாடையைத் தடவினார். இப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். ஆனாலும் விவசாயி, பதில் கையிலேயே இருந்தது.

"மாட்ட வண்டிக்கு முன்னால கட்டுவியா, பின்னால கட்டுவியா?"

"முன்னால."

"அப்புறம் இன்னா? முன்னாலயே போடு."

சிட்டிபாபு எதிர்வாதம் தேடிப் பார்த்தார். கிடைக்காததால் ஸ்பேனரைத் தேடி எடுத்தார்.

மறுநாள் காலை நேர் ரோட்டில் ஜீப் ராஜா மாதிரி போயிற்று. ஸ்டீயரிங் கொஞ்சம் முரண்டு பிடித்தது. புதுசு, பழகிவிடும் என்று அர்ஜுனன் அதை விட்டுவிட்டார். பெண் பார்க்கும் நாளைக்கென்று பிள்ளையார்பாளையத்தில் நெசவாளி மயில்வாகனத்திடம் ஒரு பட்டுப்புடவை சொல்லியிருந்தார். தறியிலிருந்து இறங்கிவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போகலாமே என்று வண்டியை அங்கே விட்டார்.

காலை வேளையில் பிள்ளையார்பாளையத்துத் தெரு நடக்கிறவனுக்கே பாதிதான் சொந்தம். மீதியில் தறியில் ஏற்ற வேண்டிய நீள இழைகளை இழுத்துக் கட்டிப் பாவு விரித்திருப்பார்கள். அன்று தெருமுனையிலேயே ஒரு பாவு, குறுக்குக் குச்சிகளில் இழுத்துக் கட்டி, அரக்குச் சிவப்பில் நீண்டு கிடந்தது.

அர்ஜுனன் முனையில் ஸ்டீயரிங்கை ஒடித்தார். ஜீப் ஒடியவில்லை. வளைவில் ஒரு சக்கரம் ஓடவும் இன்னொன்று விட்டுக்கொடுக்கவும் வேண்டும். பூட்டுப்போட்ட சக்கரங்களோ ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நேராகவே போயின. நாலைந்து குச்சிகளைச் சாய்த்துவிட்டு, பானெட்டின்மேல் பட்டிழை படர ஜீப் நின்றது.

மயில்வாகனமும் அவர் மனைவி வடிவாம்பாளும் ஓடிவந்தார்கள். வடிவாம்பாள் இழைகளைத் தூக்கிப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் அர்ஜுனனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"யாருதும்மா இந்தப் பாவு?" என்று மெல்லக் கேட்டார்.

"உங்க பொண்ணு பொடவையோடதுதான். பழசுல சாயம் சரியா ஏறலன்னு இவரு புதுசா போட்டாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள ராப்பகலா நெய்ஞ்சிடலாம்னு இருந்தோம். இனிமே எங்க முடியும்."

மயில்வாகனம் ஓர் இழையை விரலில் சுற்றிக்கொண்டே ஜீப்புக்கு அடியில் எட்டிப் பார்த்தார். கோபத்தைவிட அவருக்கு ஆவல்தான் அதிகம். விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தலையை ஆட்டினார்.

"நீ தேர் இழுத்திருக்கியாப்பா?"

"வருஷா வருஷம் வந்துக்கினுதானே இருக்கேன்."

"முன்னால ஊரே வடம் புடிச்சு இழுக்குது. தேர் அசையுதா? பின்சக்கரத்துல நாலு பேரு கட்டையக் குடுத்து நெம்பினாத்தானே கெளம்புது. பெரியவங்க தெரியாமலா வெச்சாங்க?"

"இத்த மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"நீ மொதல்ல மாட்டத்தானே கேட்ட."

ஜீப் மறுபடியும் சிட்டிபாபுவிடம் போயிற்று. கிரவுன் பின்னச்சுக்கு மாறியது. "நான் இத்தத்தான் அன்னிக்கே சொன்னேன்," என்றார் சிட்டிபாபு. "நீ தேர்னு சொல்லலியே," என்றார் அர்ஜுனன்.

அன்று மாலை ஜீப் பாலாற்றில் இறங்கியது. பழைய இடம் வந்தது. சக்கரம் சற்று முனகியது. பிறகு இரண்டும் ஒன்றாகக் கடித்துப் பிடித்து அக்கரை ஏறிவிட்டன. அர்ஜுனனுக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பி வந்தார், மறுபடி போனார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம், இனிப் பார்க்க ஒன்றும் இல்லை என்று கலைந்தது. கூட்டம் கலைந்ததைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது.

சந்தோஷத்தில் மனிதனுக்குப் புத்தி மட்டு. வியாழக்கிழமை அவர் செவலையையும் கறுப்பனையும் திருப்பருத்திக்குன்றத்துச் சமண நயினார் ஒருவருக்கு விற்றுவிட்டார்.

"வாசல்ல மாடு நின்னா அவங்களுக்கு பழைய கதை ஞாபகம் வரும்," என்றார்.

பூவம்மாள், தான் கன்றிலிருந்து வளர்த்த மாடுகள் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

வெள்ளிக்கிழமை டவுன் பக்கத்துக் கரையில் முனிசாமியும் அவர் மனைவி லோகாம்பாளும் பையனும் வந்து நின்றார்கள். அர்ஜுனனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கைதட்டிய மீசை, முனிசாமியுடையதுதான். சரி, இன்றைக்கு அந்த மீசைக்கும் பதில் சொல்லிவிடலாம் என்று தைரியப்படுத்திக்கொண்டார்.

ஜீப் மணலில் இறங்கியது. முனிசாமி வெளியே தலையை நீட்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இங்கதானே நின்னுடும்?"

"அது போன வாரம் சம்மந்தி. இப்ப நிக்காது."

"அதோ, அந்த மேட்டுல?"

"அங்கயும் நிக்காது. பின்னச்சுல லாக் போட்டிருக்குது."

முனிசாமியின் முகம் சுருங்கியது. "ஒரு தடவ நிறுத்தித்தான் எடுங்களேன்."

சோதிக்கிறார் என்று அர்ஜுனன் நடுமணலில் நிறுத்தினார். மறுபடி எடுத்தார். ஜீப் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் கிளம்பியது. முனிசாமி பெருமூச்சு விட்டுச் சாய்ந்துகொண்டார்.

வீட்டில் கிருஷ்ணவேணி அம்மாவின் பழைய பட்டைக் கட்டிக்கொண்டு காபி கொண்டுவந்தாள். பையன் பார்த்தான், அவளும் பார்த்தாள். அந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை. முனிசாமிதான் உட்காரவில்லை. கைகழுவப் போவதாகச் சொல்லிக் கொல்லைக்குப் போனவர், காலித் தொழுவத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு வந்து மனைவியின் காதில் ஏதோ சொன்னார்.

ஏதோ கோணல் என்று அர்ஜுனனுக்குப் பட்டது. பெண்ணின் முகத்தைப் பார்த்தார். பதறிப்போய் முனிசாமியை வாசலுக்கு இழுத்துப் போனார். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

"அச்ச நீங்களே பாத்துடுங்க சம்மந்தி," என்று வெள்ளை வேட்டியோடு ஜீப்புக்கு அடியில் நுழைந்தார். மாடு ஏன் முன்னால், தேர்க்கட்டை ஏன் பின்னால், லாக் எதற்கு என்று அங்கிருந்தே விளக்கினார். வேட்டியெல்லாம் எண்ணெயாக அவர் வெளியே வந்தபோது, அதுவரை வாயே திறக்காத லோகாம்பாள் சொன்னாள்:

"அச்சு கெடக்கட்டும் அண்ணே. ஜீப்பையே இழுக்கற மாட்ட வளத்த வூடுன்னுதான் நாங்க பொண்ணு கேட்டு வந்தோம். அந்த மாடு எங்க?"