அப்பர்ச்சர் தேர்ந்தெடுத்த கேமரா

ஒரு கேமரா வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய்தவறிச் சொல்லிப் பாருங்கள். அதுவரை தேமே என்று உட்கார்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்து உட்காருவார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், உங்களை ஏற இறங்கப் பார்ப்பார், “பட்ஜெட் என்ன?” என்பார். நீங்கள் சொன்னதும் சிரிப்பார். தொலைந்தது, மாட்டிக்கொண்டீர்கள். கேமரா யோசனைக்காரர் என்னும் இந்த இனத்தில் ஒருவராவது இல்லாத அலுவலகம் கிடையாது, ஒருவரையாவது பெற்றுப்போடாத குடும்பமும் கிடையாது. உங்கள் வேலை என்ன, சம்பளம் என்ன, போன கேமராவை ஏன் கெடுத்தீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்பவர், எதைப் படம் எடுக்கப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்கமாட்டார். அதைக் கேட்டுவிட்டால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுமே!

இவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அவர் எடுத்த படங்களைக் காட்டச் சொல்லுங்கள். செங்கல் சுவர் ஒன்று வரும். அதே செங்கல் சுவர் இன்னொரு லென்ஸில் வரும். சுவரில் மாட்டிய காலண்டர், நான்கு மூலையும் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காக எடுத்தது, நாற்பது தடவை வரும். மகளின் பிறந்தநாள் படம் ஒன்று வரும், அதில் மெழுகுவத்தியின் திரி நூல்நூலாகத் தெரியும், மகள் பின்னால் மஞ்சள் புகையாக நிற்பாள். அதைக் காட்டி, “பின்னணி எப்படிக் கரைஞ்சிருக்கு பாத்தீங்களா?” என்று பெருமைப்படுவார். பெற்ற பெண்ணைக் கரைத்ததில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று உங்களுக்குத் தோன்றும். அதை வெளியே சொல்லிவிடாதீர்கள், இன்னும் அரைமணி நேரம் உட்கார வேண்டிவரும்.

இப்படி ஒருவரைத் தம்பியாகப் பெற்ற பெண் ஒருத்தி. ஒரு கல்லூரியில் தாவரவியல் ஆய்வுக்கூட உதவியாளர். பத்தொன்பது வருடமாக மற்றவர்கள் பறித்துவரும் செடிகளைக் காயவைத்து, காகிதத்தில் ஒட்டி, பறித்தவரின் பெயரைத் தன் கையெழுத்தில் எழுதிக்கொண்டிருக்கிறாள். தம்பி ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கே அவனுக்கு ‘அப்பர்ச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். லென்ஸுக்குள் வெளிச்சம் போகும் துளைக்கு அதுதான் பெயராம். கேலியாக வைத்தது. அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டான்.

ஒருநாள் மதியம், கல்லூரியின் தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் டப்பா கழுவப் போனபோது, சுவர் வெடிப்பில் ஒரு செடியைப் பார்த்தாள் அக்கா. தீக்குச்சி உயரம்கூட இல்லை. சுவரோடு ஒட்டிய நாலைந்து இலை, இலையின் அடியில் பூனைமயிர், மேலே கடுகு அளவில் ஆறு பூ, வெள்ளையா பச்சையா என்று தீர்மானிக்க முடியாத நிறம். பத்தொன்பது வருடத்தில் அவள் ஒட்டாத செடி. அலமாரியில் இருந்த புத்தகங்களை எல்லாம் புரட்டினாள், கிடைக்கவில்லை. துறைத் தலைவரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் வேட்டியோ கால்சட்டையோ எது அழுக்கானாலும் பரவாயில்லை என்று மண்டிபோட்டுப் பார்க்கிற ரகமில்லை, நின்றபடியே பார்த்தார். இருந்தாலும் முகம் மாறியது.

வளாகத்துச் செடிகளைப் பற்றி ஒரு புத்தகம் அச்சுக்குப் போக இருந்தது, மாதக் கடைசிதான் கெடு. இருப்பது ஒற்றைச் செடி, பிடுங்கக் கூடாது, படம்தான் வழி, பூவின் உள்பக்கம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றார் தலைவர். போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார்.

“படம் நல்லா வந்துச்சுன்னா கீழ உங்க பேரையே போட்டுடலாம்மா. நீங்கதானே பாத்தீங்க.”

அன்று அவள் வீட்டுக்குப் போன விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். பஸ்ஸில் சில்லறைகூட வாங்காமல் இறங்கிவிட்டாள்.

செல்போனில் எடுத்துப் பார்த்தாள். அது பூவை விட்டுவிட்டுப் பின்னால் இருந்த காரையைப் பிடித்துக்கொண்டது. மறுநாள் கல்லூரிக்கு எதிரில் பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டூடியோக்காரரிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் மனிதர். பேச்சைக் குறைத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டியிலிருந்து பழைய சின்னக் கேமரா ஒன்றை எடுத்தார், உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். அதில் பூப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்திவிட்டு, இரண்டு விரற்கடை தூரத்துக்குக் கொண்டுபோய், மூச்சை அடக்கி எடுங்கள், வெயில் நேரே விழுந்தால் ஒரு வெள்ளைத் தாளைக் குறுக்கே பிடியுங்கள், அவ்வளவுதான் என்றார். அவள் அவருடைய சட்டைப் பொத்தானையே எடுத்துப் பார்த்தாள். நூலின் முறுக்குத் தெரிந்தது. விலையும் அவளுக்குக் கட்டுப்படியாகிற விலை. வாங்கிக்கொண்டு நேரே மோட்டார் அறைக்குப் போயிருக்கலாம். நம் ஆட்கள் அப்படிச் செய்வார்களா? தம்பியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. அப்பர்ச்சர் தலையில் கைவைத்துக்கொண்டான். அதில் படம் பதிகிற சென்சார் சுண்டுவிரல் நகத்தளவு, ஸ்டூடியோக்காரன் விற்காத சரக்கை உன் தலையில் கட்டப் பார்க்கிறான், இந்தத் துறையில் இருபது வருடமாக இருக்கும் என்னை வைத்துக்கொண்டு நீ பொம்மை வாங்கலாமா என்று பொரிந்து தள்ளினான். காப்பீட்டுக் குமாஸ்தா எந்தத் துறையில் இருபது வருடம் இருந்தான் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரியாத விஷயத்தில் யாராவது சத்தமாகப் பேசினால் நாம் எல்லோருமே வாயை மூடிக்கொள்கிறோம். இந்த இனம் பெருகுவதே அதனால்தான்.

“நீ பூவைப் பாத்துக்க, கேமராவை நான் பாத்துக்கறேன். அவசரப்படாதக்கா,” என்றான்.

அவசரப்படாதே என்பது இவர்களுடைய தாரக மந்திரம். முதல் வாரம் முழுவதும் அவன் ஒரு பட்டியல் தயாரித்தான். முப்பத்தொரு கேமரா, பதினெட்டுக் கட்டம், நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு, யோசிக்க வேண்டியதற்கு ஆரஞ்சு. முடித்தபோது ஏறக்குறைய எல்லாமே ஆரஞ்சாக இருந்தது. இரண்டாம் வாரம் பட்டியலைப் போனில் தான் இருக்கும் கேமராக்காரர் குழுவில் போட்டான். ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும் குழு அது, வாழ்நாளில் ஒரு செடிக்கு முன்னால் குனியாதவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். அக்கா போன் செய்தபோது, அடுத்த மாதம் புது மாடல் வரப்போகிறது, அது வந்தால் பழைய மாடல் மலிவாகும், பொறுத்துக்கொள் என்றான். அடுத்த மாதம் பூ இருக்காதே என்றாள் அவள். ஒரு பூவுக்காகத் தப்பான முடிவு எடுக்கலாமா என்று கேட்டான்.

ஆறு பூ நாலாயிற்று. மூன்றாம் வாரம் ஒருவழியாக ஒரு கேமரா வந்தது. பழையதுதான், ஆனால் உருப்படியானது, கிட்டத்தில் எடுக்கும் லென்ஸோடு கிடைத்தது என்று அவள் கைப்பணத்தில் வாங்கித் தன் வீட்டில் வைத்துக்கொண்டான். சோதிக்க வேண்டுமாம். ஒன்பது நாள் சோதித்தான். தேதி கிழித்தால் சோதனை கெட்டுவிடும் என்று காலண்டரைத் தொடவிடுவதில்லை, வீட்டில் போன திங்கட்கிழமையே நடந்துகொண்டிருக்கிறது அண்ணி என்று அவன் மனைவி போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒருநாள் அலுவலகத்துக்கே போன் செய்து, மூன்றுதான் மிச்சம் என்றாள். எதில் மூன்று என்று கேட்டான். பூ என்றாள். அது இருக்கட்டும், லென்ஸ் ஓரத்தில் லேசாக மங்கல் தெரிகிறது என்றான். கேமராவை என்னிடம் கொடுத்துவிடு, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினாள். நீ தொட்டால் செட்டிங் மாறிவிடும் என்று வைத்துவிட்டான். தன் காசு, தன் பூ, தன் பெயர், எல்லாம் அந்தத் தடியன் கையில் போய்ச் சிக்கிக்கொண்டதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. இருந்தும் அந்தச் சனிக்கிழமை அவன் வருகிறேன் என்றதும், சின்னப் பிள்ளை மாதிரி விடியற்காலையிலேயே குளித்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தது. செடியில் ஒரே ஒரு பூ இருந்தது.

அவன் வந்த கோலத்தை என்னவென்று சொல்ல? தோளுக்கொரு பை, கேமராவை நிறுத்த முக்காலி, தெர்மாகோல் அட்டை, கறுப்பு அட்டை, டார்ச், இடுக்கி, குட்டிக் கத்தரிக்கோல், இலையில் பனித்துளி போலத் தெளிக்க ஒரு தண்ணீர் பீய்ச்சி. அறுவை சிகிச்சைக்கு வந்தவன் மாதிரி எல்லாவற்றையும் ஒரு துணியில் பரப்பினான். அக்கா சுவருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, ஆள்காட்டி விரலைத் தொடாமல் நீட்டி, இதுதான், இந்தப் பூதான் என்று காட்டினாள். அவன் ம், ம் என்றான். கண் கேமராவின் திரையில் இருந்தது, கட்டைவிரல் எதையோ மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தது. வெயிலை மறைக்க ஒரு வெள்ளைத் துணி கிடைக்குமா என்றான். ஆய்வுக்கூடத்தைத் திறந்து எடுத்துவரப் போனாள். சாவி காவலாளியிடம் இருந்தது, காவலாளி டீக்கடையில் இருந்தார். திரும்பி வரக் கால்மணி நேரம் ஆயிற்று.

வந்தபோது அவன் எடுத்து முடித்து எழுந்துவிட்டிருந்தான். முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். துணி வேண்டாம், மேகம் வந்தது, எடுத்துவிட்டேன் என்று திரையை நீட்டினான். திரையில் ஓர் ஊதாப்பூ இருந்தது. சாக்கடை ஓரமெல்லாம் கேட்பாரற்று மண்டிக்கிடக்கும் அதே ஊதாப்பூ, அந்த வெடிப்பில் அவளுடைய செடிக்கு நாலு விரல் தள்ளி முளைத்திருந்தது. இதழின் நரம்பு தெரிந்தது, மகரந்தம் மணிமணியாகத் தெரிந்தது, துளி ஒன்று நுனியில் நின்றது. உண்மையிலேயே அற்புதமான படம். அதுதான் கொடுமை.

அவள் படத்தை விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள். ஊதாப்பூ இருந்தது. அதைச் சுற்றி வெடிப்பு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

“இங்க இருந்தது எங்கடா?”

“எது? ஓ, அதுவா. பின்னணி சுத்தமா இருக்கணும்க்கா. புல்லும் தூசியுமா நாலஞ்சு நீட்டிக்கிட்டு இருந்துச்சு, எடுத்துட்டேன்.”

“எங்க போட்ட?”

“வாய்க்கால்ல. ஏன்?”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலில் தண்ணீர் கணுக்கால் அளவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். வாய்க்கால் முனையில் குப்பையைத் தடுக்கும் வலைக்கம்பி வரைக்கும் கையால் துழாவினாள், பாசியும் பாலிதீனும் வந்தது. தீக்குச்சி அளவு செடி எங்கே வரும்? அவன் கரையில் நின்றுகொண்டு, முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கலாமே என்றான்.

“விரலை நீட்டிக் காட்டினேன்டா,” என்றாள்.

“நான் அப்ப மெனுவுக்குள்ள இருந்தேன்க்கா.”

அடித்தாளா என்று கேட்கிறீர்கள். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம் என்பது என் கட்சி. ஈரப் புடவையோடு ஆய்வுக்கூடத்துக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். திங்கட்கிழமை துறைத் தலைவரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் உச்சுக்கொட்டினார். படம் இல்லாமல் சேர்ப்பதற்கில்லை, அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்றார். பிறகு, இருக்கட்டுமே என்று அந்த ஊதாப்பூப் படத்தைத் தம்பியிடமிருந்து வாங்கிப் பார்த்தவர், கண்ணை எடுக்கவில்லை.

புத்தகம் வந்தது. அட்டை முழுக்க ஊதாப்பூ. அடியில், அட்டைப்படம் என்று போட்டு, தம்பியின் பெயர். முன்னுரையின் கடைசி வரியில் ஆய்வுக்கூட ஊழியர்களுக்கும் நன்றி. அந்தக் கடுகுப் பூவைப் பற்றி உள்ளே ஓர் எழுத்துக்கூட இல்லை. அப்பர்ச்சர் ஆறு பிரதி வாங்கி, ஒன்றைக் கையெழுத்துப் போட்டு அக்காவிடமே கொடுத்தான். அதைவிடக் கூத்து, அந்தச் சின்னக் கேமராவில் எடுத்திருந்தால் இப்படி வந்திருக்குமா, நீயே சொல் என்று கேட்டான். வந்திருக்காது என்றாள் அவள். அவன் திருப்தியாகப் போனான்.

நீங்களும் அவனைத் திட்டிக்கொண்டேதான் இவ்வளவு தூரம் வந்திருப்பீர்கள். நல்லது. ஒன்று மட்டும் மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். அந்தச் செடி அப்புறம் எங்கேயாவது முளைத்ததா என்று கேட்க உங்களுக்குத் தோன்றியதா? அல்லது, இந்த ஆள் இவ்வளவு எழுதினானே, கடைசிவரை அது என்ன கேமரா, எந்த லென்ஸ் என்று சொல்லவே இல்லையே என்றுதான் உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கிறதா? இரண்டாவது என்றால், உங்கள் அக்காவின் போன் நம்பரைக் கொஞ்சம் கொடுங்கள். நான் ஒரு வார்த்தை பேச வேண்டும்.