எரிச்சல் மாத்திரை

"ஒண்ணுக்குப் போனா எரியுது அத்தே," என்றாள் நிங்யூ, சமையலறை வாசலில் நின்று. அவளுக்கு ஏழு மாதம்.

மாமியார் சாங்மெய் மிளகாய்க் காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை. "காரத்தைக் குறைன்னா கேட்டாத்தானே?"

"டாக்டர்கிட்ட ஒரு நடை..."

"போனா ஆன்டிபயாட்டிக்குன்னு எழுதித் தள்ளுவாங்க. வயித்துல என் பேரப்பிள்ளை இருக்கு. அந்தச் சனியன் இந்த வீட்டுக்குள்ள நுழையக் கூடாது." இழுப்பறையைத் திறந்தாள். "எரிச்சல் மாத்திரை போட்டுக்கோ. தொண்டை எரிச்சல், பல் எரிச்சல், உன் மாமனாரோட மூல எரிச்சல், எல்லாம் இதுலதான் அடங்கிச்சு."

யுவான் ஆற்றங்கரை ஊர்களில் அந்த மாத்திரை இல்லாத இழுப்பறையைப் பார்க்க முடியாது.

பிள்ளைத்தாச்சிக்கு முழுசு ஆகாது என்று கேப்சூலைப் பிரித்துப் பாதித் தூளைத் தட்டிவிட்டுத்தான் கொடுத்தாள். மூன்றாம் நாள் எரிச்சல் போயிற்று. அன்றே நிறுத்திவிட்டாள். தேவைக்கு மேல் மருந்து கூடாதே.

பத்து நாளில் எரிச்சல் திரும்பி வந்தது, முதுகு வலியையும் கூட்டிக்கொண்டு. பக்கத்து வீட்டிலிருந்து மஞ்சள் மாத்திரை வந்தது.

"இது என்னது அத்தே?"

"அதே எரிச்சல் மாத்திரைதான். நிறம் வேற."

அதிலும் பாதி. அதுவும் மூன்று நாள்.

அடுத்த வாரம் மகன் தாபெங் மனைவியின் நெற்றியைத் தொட்டான். "அடுப்பு மாதிரி கொதிக்குதும்மா," என்றவன், தாயிடம் எதுவும் கேட்காமல் அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். சாங்மெய் பின்னாலேயே ஓடினாள்.

"வீட்டுல ஆன்டிபயாட்டிக் ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டார் டாக்டர் கோங்.

"வாசப்படி மிதிக்க விட்டதில்ல," என்றாள் சாங்மெய் நிமிர்ந்து.

"எல்லா மாமியாரும் இப்படி இருந்தா எனக்குப் பாதி வேலை குறையும்," என்று சொல்லி, வழக்கமான மருந்தையே டாக்டரம்மா நரம்பில் ஏற்றினார்.

காய்ச்சல் இறங்கவில்லை. மூன்றாம் நாள் வலி எடுத்துவிட்டது. சிறுநீர்ச் சோதனைக் காகிதமும் அன்றுதான் வந்தது.

"பதினோரு மருந்துல ஒம்பது இந்தக் கிருமிகிட்ட செல்லாது. கடைசியாக் கேக்கறேன். என்ன குடுத்தீங்க?"

"சத்தியமா ஒண்ணுமில்ல டாக்டரம்மா. வெறும் எரிச்சல் மாத்திரை."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுதாம்மா ஆன்டிபயாட்டிக்."

மிச்சமிருந்த மருந்தில் ஒன்று நிங்யூவைக் காப்பாற்றியது. அவசரப்பட்டுப் பிறந்த பெண் குழந்தை, ஒன்றரைக் கிலோ, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. அதன் ரத்தத்திலும் அதே கிருமி. பிழைக்குமா என்று கேட்டால், "பார்க்கலாம்" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

எட்டு நாள் பேசாத மகன் ஒன்பதாம் நாள் வாயைத் திறந்தான். "நிங்யூவுக்கு மாத்திரை எழுதியிருக்காங்க. வாங்கிட்டு வா. என்ன பேருன்னு கேட்டுட்டு வா. உன் இஷ்டத்துக்கு நீயா ஒரு பேர் வைக்காதே."

சாங்மெய் மருந்து ஜன்னலில் சீட்டை நீட்டினாள். உள்ளே இருந்த நரைத்த தலை அம்மாள் பொட்டலத்தைத் தள்ளினாள். "முழுசா ஏழு நாள்."

"இதுக்கு என்னம்மா பேரு? டாக்டருங்க சொல்ற பேரு?"

"அந்தப் பேரைச் சொன்னா நீங்கல்லாம் பயந்து வாங்காமப் போயிடுறீங்க," என்றாள் அவள். "அதான் முப்பது வருஷமா இந்த ஜன்னல்ல எரிச்சல் மாத்திரைன்னே சொல்லிக் குடுத்துட்டிருக்கேன்."